கோளாறான புதுக் காரைக் கம்பெனியிடமே திருப்பிக் கொடுப்பது எப்படி? (கலிஃபோர்னியா லெமன் லா)

புதுக் கார் ஒரே கோளாறுக்காகத் திரும்பத் திரும்ப சர்வீஸ் சென்டரில் போய் நிற்கிறதா? வாரண்டி காலத்தில் நியாயமான அளவு வாய்ப்புக் கொடுத்தும் சரிசெய்ய முடியவில்லை என்றால், கலிஃபோர்னியாவில் கம்பெனி வேறு கார் தர வேண்டும், இல்லையென்றால் காரை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர வேண்டும். 1970-இல் வந்த சாங்-பெவர்லி சட்டம் சொல்வது இது. கோளாறான காருக்கான இந்த விதியைத்தான் லெமன் லா என்கிறார்கள். எனக்குக் கியர் பிரச்சினை. சிக்னலை நெருங்கி வேகம் குறையும்போது பின்னாலிருந்து யாரோ இடித்தமாதிரி வண்டி உதறும். பணம் வந்துவிட்டது. மற்ற மாநிலங்களில் விதிகள் வேறு, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. தகுதி

கார் கைக்கு வந்து 18 மாதம் அல்லது 18,000 மைல், இதில் எது முதலில் வருகிறதோ அதற்குள் ஒரே கோளாறுக்கு 4 தடவை, உயிருக்கு ஆபத்தான கோளாறென்றால் 2 தடவை, அல்லது மொத்தமாக 30 நாளுக்கு மேல் ரிப்பேரில் நின்றிருந்தால் உங்கள் கை ஓங்கும். அந்த எல்லையைத் தாண்டிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். கோளாறு வாரண்டிக்குள் வந்திருந்தால் அப்போதும் கேட்கலாம்.

2. ரிப்பேர் ஆர்டர்

காரை விடும் ஒவ்வொரு தடவையும் சர்வீஸ் சென்டர் தரும் இந்தக் காகிதத்தில்தான் முழு வழக்கும் நிற்கிறது. "டெஸ்ட் டிரைவ் போனோம், ஒன்றும் தெரியவில்லை, எடுத்துட்டுப் போங்க" என்று சாவியை நீட்டுவார்கள். காகிதம் இல்லாமல் சாவியை வாங்காதீர்கள். ஒன்றும் கண்டுபிடிக்காவிட்டாலும் "பரிசோதித்தோம், கோளாறு தெரியவில்லை" என்று எழுதிய ரிப்பேர் ஆர்டர் வேண்டும். அதுவும் ஒரு தடவையாகக் கணக்கில் சேரும்.

அதில் நான்கு விஷயங்களைக் கவுண்டரிலேயே பாருங்கள்: வண்டி விட்ட தேதி, எடுத்த தேதி, ஓடோமீட்டர் எண், உங்கள் புகார். புகாரை ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். ஒருமுறை "உதறல்", மறுமுறை "சத்தம்" என்று எழுதினால், இரண்டும் வேறு வேறு கோளாறு என்று கம்பெனி வாதாடும். நான் புகாரை டைப் செய்து, சர்வீஸ் அட்வைசரிடம் கொடுத்து, அப்படியே ஏற்றச் சொன்னேன்.

முதல் காகிதம் பணக் கணக்கிலும் வரும். நீங்கள் ஓட்டியதற்காகக் கம்பெனி ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளலாம். கார் விலையை, அந்தக் கோளாறுக்காக முதல்முறை விட்டபோது ஓடியிருந்த மைலால் பெருக்கி 1,20,000-ஆல் வகுக்க வேண்டும். 42,000 டாலர் காரை 6,000 மைலில் விட்டிருந்தால் கழிவு 2,100 டாலர். 12,000 மைல் வரை பொறுத்துப் போனால் 4,200. அதனால் முதல் உதறலிலேயே கொண்டுபோய் விடுங்கள்.

காகிதங்களைச் சேர்க்கத் தனி ஆப் எதுவும் வேண்டாம். ஃபோனில் இருக்கும் ஸ்கேன் வசதி போதும். கோளாறு வரும்போது பக்கத்து சீட்டில் இருப்பவர் வீடியோ எடுத்தால் நல்லது.

3. கடிதம்

டீலருக்கு இல்லை, காரைத் தயாரித்த கம்பெனிக்கு. வாரண்டி புத்தகத்தில் முகவரி இருக்கும். பெயர், வின் நம்பர் (காரின் அடையாள எண்), ரிப்பேர் வரலாறு, பணம் திரும்ப வேண்டும் என்ற கோரிக்கை எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கட்டும். ஃபோன் பேச்சை நம்பாதீர்கள். தபாலாபீஸில் சர்ட்டிஃபைட் மெயில்தான் என் தேர்வு, ரசீது கையில் இருக்கும்.

2025 முதல் சில கம்பெனிகள் புது நடைமுறைக்குள் வந்திருக்கின்றன. அவற்றிடம் அபராதமும் கேட்பதென்றால் முன்கூட்டியே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். வாரண்டி முடிந்த ஓராண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். உங்கள் கம்பெனி அந்தப் பட்டியலில் உண்டா என்று மாநில நுகர்வோர் துறையின் வெப்சைட்டில் பாருங்கள்.

4. வக்கீல்

இழுத்தடித்தால் தயங்காமல் போங்கள். நீங்கள் ஜெயித்தால் வக்கீல் கட்டணத்தைக் கம்பெனிதான் கட்ட வேண்டும். "காரை வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் பணம் தருகிறோம்" என்று வந்தால், கோளாறு உங்களோடுதான் இருக்கும் என்பதை யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள். திரும்பக் கிடைக்கும் பணத்தில் முன்பணம், கட்டிய தவணைகள், விற்பனை வரி, ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் கணக்கில் வர வேண்டும். டோயிங் ரசீதையும் சேருங்கள்.

பின்சேர்க்கை: பழைய கார் வாங்கியவர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். கம்பெனி வாரண்டி மிச்சம் இருக்கிறது என்பதால் மட்டும் அது இந்தச் சட்டத்தில் புதுக் கார் ஆகாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் தீர்ப்பளித்துவிட்டது. லீஸ் எடுத்த புதுக் காருக்கு உரிமை உண்டு.

இன்னொரு வாசகருக்கு, காரைக் கம்பெனியிடம் ஒப்படைத்த பிறகும் டோல் பில் வந்ததாம். ஃபாஸ்ட்ராக் டேக்கைக் கழற்றுங்கள், கணக்கிலிருந்தும் வண்டியை நீக்குங்கள். இன்சூரன்ஸை மட்டும் சாவி கைமாறிய பிறகு நிறுத்துங்கள்.