மின்னேரியா, யால: எந்த மாதத்தில் போவது?

இலங்கையின் தேசியப் பூங்காக்களுக்குப் போவதென்றால், முதலில் எந்த விலங்கைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள், மாதம் தானாகக் கிடைக்கும். இலங்கைக்கு இரண்டு பருவமழைகள் என்பதால் நாடு முழுவதற்கும் ஒரே 'சீசன்' கிடையாது.

யானைக் கூட்டத்துக்கு மின்னேரியா. ஜூலை முதல் செப்டம்பர் வரை, அதிலும் ஆகஸ்ட் நடுவில் போவது நல்லது. வறட்சியில் மின்னேரியாக் குளத்து நீர் வற்ற, ஈரமான கரையில் இளம்புல் முளைக்கும். அதைத் தேடித்தான் யானைகள் நூற்றுக்கணக்கில் வருகின்றன. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: மேலேயுள்ள நீர்த்தேக்கத்திலிருந்து நீர் திறந்துவிட்டால் வறட்சியிலும் குளம் நிரம்பி, புல் மூழ்கிவிடும். அப்போது யானைகள் அருகிலுள்ள கவுடுல்ல பூங்கா அல்லது ஹுருலு காட்டுப் பக்கம் நகரும். ஆகவே டிக்கெட் எடுக்குமுன், அன்று யானைகள் எங்கே நிற்கின்றன என்று ஜீப் ஓட்டுநர்களிடம் கேளுங்கள். மாலை 3 மணிக்கு உள்ளே இருந்தால் போதும்.

சிறுத்தைக்கு யால, பிப்ரவரி முதல் ஜூலை வரை. நீர்நிலைகள் சுருங்கச் சுருங்க விலங்குகள் எஞ்சிய தண்ணீரை நாடி வரும். கரடி ஆசையிருந்தால் ஜூனைத் தவறவிடாதீர்கள். பாலைப்பழம் பழுக்கும் காலம், கரடிகள் மரமேறித் தின்னும் அருமையான காட்சி! யாலவில் அதிகம் பேர் போகும் முதலாம் பிரிவை வழக்கமாகச் செப்டம்பரில் மூடிவிடுவார்கள். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், முன்பதிவுக்கு முன் உறுதிசெய்யுங்கள்.

பறவைகளுக்குக் குமண தேசியப் பூங்கா, ஏப்ரல் முதல் ஜூலை வரை.