கொலோனோஸ்கோபி: காலை மருந்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்

போன மாதம் என் தங்கைக்குக் கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலை உள்ளே பார்க்கிற பரிசோதனை. துணைக்கு நான் போயிருந்தேன். எங்கள் அப்பாவுக்கு 52 வயதில் பெருங்குடலில் புற்றுநோய் வந்தது. அதனால் பிள்ளைகள் எல்லாரும் 40 வயதிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு இதுவரை 4 முறை ஆகிவிட்டது. அன்று வெளியே உட்கார்ந்திருந்தபோது நர்ஸ் ஒவ்வொருவரிடமும் குடலைச் சுத்தம் செய்கிற பேதி மருந்தை ராத்திரியும் காலையும் குடித்தீர்களா என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒரு தம்பி, "ராத்திரியே எல்லாம் தண்ணியாப் போயிருச்சு சிஸ்டர், அதான் காலைல குடிக்கல" என்றார். அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி இருந்த அம்மாவும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். 9 வருடத்துக்கு முன் நான் சொன்ன அதே பதில். வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். பலரும் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

காலை மருந்தைக் குடிக்காமல் விடுவது

எனக்குத் தந்தது 2 லிட்டர் தண்ணீரில் கரைக்கிற பவுடர். சாயங்காலம் 6 மணிக்குப் பாதி, விடியற்காலை 5 மணிக்கு மீதி. உப்புக் கரிக்கும், வாயில் கொழகொழவென்று நிற்கும். முதல் லிட்டர் முடிந்து ஒரு மணி நேரத்தில் ஆரம்பித்தது, ராத்திரி 11 மணி வரை பாத்ரூமே கதி. கடைசியில் வெறும் தண்ணீர்தான் போனது. சரி, வயிறு சுத்தமாகிவிட்டது, இதற்கு மேல் எதற்கு என்று காலையில் அந்த இரண்டாவது லிட்டரைக் கொட்டிவிட்டேன்.

பரிசோதனை முடிந்து ரிப்போர்ட் வந்தது: வலப்பக்கக் குடல் சரியாகத் தெரியவில்லை, மறுபடி செய்ய வேண்டும். முழுப் பணமும் திரும்பக் கட்டினேன், இரண்டு நாள் லீவு, இன்னொரு முறை பத்தியம். அதைவிட எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் வேறு. மூன்று வாரம் கழித்துச் சரியாகக் குடித்துவிட்டுப் போனபோது, முதல் தடவை தெரியாமல் போன அதே வலப்பக்கத்தில் ஒரு தட்டையான பாலிப் (குடல் சுவரில் வளர்கிற சின்னச் சதை) இருந்தது. அங்கேயே எடுத்துவிட்டார்கள். பயாப்ஸியில் (எடுத்த சதையை லேபில் பார்ப்பது) அடினோமா என்று வந்தது, அதாவது விட்டுவைத்தால் வருடக்கணக்கில் வளர்ந்து புற்றுநோயாக மாறக்கூடிய வகை. "மறுபடி வாங்க" என்று அவர்கள் சொல்லாமல் விட்டிருந்தாலோ, நான் அலுத்துப்போய்ப் போகாமல் இருந்திருந்தாலோ என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

முதல் தடவை கையில் கொடுத்த சீட்டில் நேரம் மட்டும்தான் இருந்தது, ஏன் என்று ஒரு வரிகூட இல்லை. காரணம் தெரிந்திருந்தால் நான் கொட்டியிருக்க மாட்டேன். இதுதான் காரணம்: நாம் சாப்பிடாமல் இருந்தாலும் பித்தநீரும் சிறுகுடலின் சுரப்புகளும் நிற்பதில்லை. ராத்திரி முழுவதும் அவை வடிந்து, பெருங்குடல் தொடங்குகிற இடத்தில், அதாவது வலது அடிவயிற்றுப் பக்கம், மஞ்சளாகப் படிகின்றன. தட்டையான பாலிப் அந்தப் படிவுக்கு அடியில் மறைந்துவிடும். வெளியே வருவது தண்ணீராக இருக்கிறதே என்பதை வைத்து உள்ளே அந்த முனை சுத்தம் என்று சொல்ல முடியாது. டாக்டர்கள் குடலை வலம், நடு, இடம் என்று மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றின் சுத்தத்துக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுகிறார்கள், பாஸ்டன் அளவுகோல் என்று பெயர். எந்தப் பகுதியிலும் 2-க்குக் குறையக் கூடாது.

அதனால் காலை மருந்தைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பு ஆரம்பித்து, குறைந்தது 2 மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். உங்கள் ஆஸ்பத்திரி வேறு நேரம் சொன்னால் அதன்படி. ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரக் குளிர, 15 நிமிடத்துக்கு ஒரு டம்ளர். அனுமதித்தால் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுத் தொடருங்கள், வாந்தி நிற்கவே இல்லையென்றால் போன் செய்து கேளுங்கள். முடிவில் வெளியே வருவது கசடில்லாமல், வெளிர் மஞ்சளாக, சிறுநீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டும். கலங்கலாகவே இருந்தால் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கீரையும் விதையும்

முந்தின நாள் மட்டும் பத்தியம் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். கீரை, முருங்கைக்காய், கொய்யா, தக்காளி விதை, கம்பு, கேழ்வரகு, வேர்க்கடலை இதையெல்லாம் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். விதைகள் ஸ்கோப்பில் உறிஞ்சுகிற குழாயையே அடைத்துவிடும். வெள்ளைச் சாதம், இட்லி, இடியாப்பம், மோர், முட்டை சாப்பிடலாம். முந்தின நாள் இளநீர், வடிகட்டிய ரசம், பால் விடாத டீ. சிவப்பு நிற ஜூஸ் வேண்டாம், உள்ளே ரத்தம் மாதிரி தெரியும்.

இரும்புச் சத்து மாத்திரை

ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், நீங்கள் போடுவதை அவர்களிடம் சொன்னால்.

மற்ற மாத்திரைகளை நாமாக நிறுத்துவது

இதில் விளையாடாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்கள் இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பட்டினியில் வழக்கமான இன்சுலினைப் போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும், அளவை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். கிட்னி, இதயப் பிரச்சினை இருப்பவர்கள் மெடிக்கலில் வேறு பேதி மருந்தை மாற்றி வாங்க வேண்டாம், சில வகை மருந்துகள் கிட்னியைக் கெடுத்துவிடும்.

தனியாகப் போவது

கூடாது. மயக்க ஊசி போட்டால் அன்று முழுவதும் வண்டி ஓட்டக் கூடாது, முக்கியமான பத்திரங்களில் கையெழுத்தும் போடக் கூடாது.

பயந்து தள்ளிப்போடுவது

என் தங்கை இரண்டு வருடம் தள்ளிப்போட்டாள். உள்ளே நடப்பது இவ்வளவுதான்: இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள், கையில் ஊசி, விரல் தடிமனில் வளைகிற குழாய், பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடம். பாலிப் எடுத்தாலும் பயாப்ஸி எடுத்தாலும் அந்த இடத்தில் வலிக்காது. குடலை விரிக்கக் காற்று விடுவதால் அப்புறம் கொஞ்ச நேரம் வயிறு உப்பலாக இருக்கும், காற்றை அடக்காமல் வெளியே விட்டுவிடுங்கள், அங்கே யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கடுமையான வயிற்று வலி, காய்ச்சல், நிற்காத ரத்தம் இருந்தால் மட்டும் உடனே திரும்பிப் போங்கள்.

பயாப்ஸி ரிப்போர்ட்டை வாங்காமல் விடுவது

அது சில நாள் கழித்துத்தான் வரும். அடுத்த பரிசோதனை 3 வருடத்திலா, 5 வருடத்திலா, 10 வருடத்திலா என்பதை அதை வைத்துத்தான் சொல்வார்கள். வாங்கியதும் அடுத்த தேதியைக் கேட்டுப் போனில் குறித்துக்கொள்ளுங்கள்.