பேய்ப்படப் போஸ்டரில் பேய் எதற்கு?

கல்லூரி மாணவர்கள் எடுக்கும் திகில் குறும்படங்களின் போஸ்டர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் ஒரே பெண்தான் நிற்கிறாள். வெள்ளைப் புடவை, முகத்தை மறைத்த கூந்தல், பின்னால் முழுநிலா. பதினைந்து நிமிடப் படத்தில் பன்னிரண்டாவது நிமிடம் வரை ஒளித்து வைத்த பேயை வாசலிலேயே நிறுத்திக் காட்டிவிட்டு, உள்ளே வந்து பயப்படுங்கள் என்றால் யார் பயப்படுவார்கள்?

1973-ல் வெளிவந்த ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தின் போஸ்டரில் பேய் பிடித்த சிறுமி கிடையாது. கையில் பெட்டியுடன் ஒருவர் இரவில் ஒரு வீட்டின் முன் நிற்கிறார். மாடி ஜன்னலிலிருந்து வெளிச்சம் அவர்மேல் விழுகிறது. அவ்வளவுதான். அந்த அறைக்குள் என்ன இருக்கிறது என்று நாம்தான் கற்பனை செய்துகொள்கிறோம். உங்கள் கதையிலும் அப்படி ஒன்று கிடைக்கும். விடுதி அறையில் ஆறு பேர், தரையில் சோறு போட்ட தட்டுகள் ஏழு. இதற்கு மேல் நிலா வேண்டாம்.

அடுத்த தவறை நானே செய்திருக்கிறேன். நள்ளிரவில், விளக்கை அணைத்துவிட்டு, திரையின் வெளிச்சத்தை முழுதாக வைத்துக்கொண்டு வேலை செய்தேன். படிக்கட்டு, அதில் பாதி தெரியும் ஒரு கை, கறுப்புக்குள் இன்னொரு கறுப்பு. திரையில் அபாரமாக இருந்தது. அச்சாகி வந்த தாளில் படிக்கட்டும் இல்லை, கையும் இல்லை. தார் பூசிய அட்டை போல இருந்தது. திரை தானே ஒளிர்கிறது, தாள் அப்படி ஒளிராது என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். இருட்டுப் பகுதிகளை நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் வெளிச்சமாக்கி வையுங்கள். மொத்தமாக அடிக்கும் முன் ஒரே ஒரு பிரதி எடுத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

ஆஃப்செட்டில், அதாவது ஒவ்வொரு நிற மைக்கும் தனித் தகடு வைத்து, அடிப்பதானால் இன்னொன்று. கறுப்பு மையை மட்டும் 100 சதவீதம் கொடுத்தால் பெரிய பரப்பில் சாம்பல் பூத்தது போல் தெரியும். அதனுடன் சயான் என்ற நீல மை 60, மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு மை 40, மஞ்சள் 40 என்ற அளவில் சேர்த்தால் ஆழம் வரும். பேராசைப்பட்டு நான்கையும் நூறாக வைத்தால் மை காயாமல் மேலே விழும் தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். எதற்கும் அச்சகத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தலைப்பில் ரத்தம் சொட்ட வைக்கும் ஆசை யாரையும் விடுவதில்லை. ஆங்கில எழுத்துக்கு அது வெறும் அலங்காரம். தமிழில் எழுத்தே மாறிவிடும். ‘வாசல்’ என்று தலைப்பு வைத்துக்கொள்வோம். துணைக்காலின் அடியில் ஒரு சொட்டு சாய்வாக வழிந்தால் அது ‘ர’ ஆகிவிடும். படிப்பவர் ‘வரசல்’ என்பார். ‘மரணம்’ என்ற தலைப்பின் மேல் ரத்தத் துளி தெறித்து, ஒரு துளி ‘ர’வின் தலையில் உட்கார்ந்தால் ‘மர்ணம்’. பழைய சுவர் போலத் தேய்ந்த தோற்றம் கொடுக்கும்போது இதற்கு நேர்மாறாக முதலில் அழிவது புள்ளிதான்; ‘கல்லறை’ கலலறை ஆகும். சேதப்படுத்தத்தான் வேண்டும் என்றால் புள்ளியையும் துணைக்காலையும் விட்டுவிட்டு மற்ற இடங்களில் கை வையுங்கள். நன்றி, நடிகர் பட்டியல் போன்ற வரிகளை அடர்கறுப்பில் பொடி வெள்ளை எழுத்தாகப் போடுவதும் ஆபத்து. நான்கு தகடுகளில் ஒன்று இம்மி விலகினாலும் ‘ண’, ‘ஞ’ எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கிறதா என்றும் பாருங்கள். அப்படி நின்றால், மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பு இயங்கவில்லை என்று பொருள்.

படப்பிடிப்பில் தனியாகப் புகைப்படம் எடுக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. பிறகு வீடியோவிலிருந்து ஒரு பிரேமை உருவுகிறார்கள். 1920-க்கு 1080 புள்ளி (பிக்சல்) அளவுள்ள பிரேமை நிமிர்ந்த ஏ3 தாளுக்கு வெட்டினால், 42 செ.மீ. உயரத்துக்கு உங்களிடம் இருப்பது 1080 புள்ளிகள். அங்குலத்துக்கு 65 சொச்சம். அச்சுக்கு வழக்கமாகக் கேட்பது 300. அதே பிரேமை வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

நடிகையின் படத்தைப் போட்டு ‘காணவில்லை’ சுவரொட்டி போல வடிவமைத்து பஸ் நிறுத்தத்தில் ஒட்டாதீர்கள். உண்மை என்று நம்பி யாராவது காவல் நிலையத்துக்குப் போவார்கள்.

தார் பூசிய அந்தப் போஸ்டரைத் திருத்தி, நூறு பிரதி அடித்து வாங்கினோம். இந்த முறை கை தெரிந்தது, படிக்கட்டு தெரிந்தது, தலைப்பு பிழையின்றி இருந்தது. திரையிடும் தேதி இல்லை. அன்று மாலை நான்கு பேர் தரையில் உட்கார்ந்து, வெள்ளை மார்க்கரால் நூறிலும் எழுதினோம்.