பைத்தான் டெஸ்டுக்குள்ளயே பேக்ரவுண்ட்ல ஒரு குட்டி வெப் சர்வர் ஓட்டுறது எப்படி?

உங்க ஆப் வெளிய இருக்கிற ஒரு ஏபிஐய (வேற சர்வர்கிட்ட டேட்டா கேக்குற வழி) கூப்பிட்டு டேட்டா வாங்குதுன்னு வச்சுக்கோங்க. டெஸ்ட் ஓட்டும்போதெல்லாம் நிஜ சர்வர்கிட்ட போக முடியாது, நெட் போச்சுன்னா டெஸ்டும் போச்சு, அதவிட முக்கியமா அந்த சர்வர் 503 எரர் (‘இப்போ சர்வீஸ் இல்ல’ன்னு அர்த்தம்) குடுத்தா நம்ம கோட் என்ன பண்ணும்னு பாக்கணும், அதுக்காக அவங்க சர்வர் படுக்குற வரைக்கும் காத்துட்டு இருக்க முடியுமா? அதான் நம்மளே ஒரு டம்மி சர்வர ஓட விடுறோம். புதுசா எதுவும் இன்ஸ்டால் பண்ண வேணாம், பைத்தான் கூடவே வர்ற ஹெச்டிடிபி சர்வர் மாட்யூலும் த்ரெட்டிங் மாட்யூலும் (ஒரே ப்ரோக்ராமுக்குள்ள இன்னொரு வேலைய பக்கத்துலயே த்ரெட்டா ஓட்டுறதுக்கு) போதும்.

1. மொதல்ல ஹேண்ட்லர் கிளாஸ், அதாவது வர்ற ரிக்வெஸ்டுக்கு பதில் குடுக்குற கிளாஸ். பேஸ் ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட் ஹேண்ட்லர இன்ஹெரிட் பண்ணி, கெட் ரிக்வெஸ்டுக்கான மெத்தட எழுதுங்க. உள்ள ஸ்டேட்டஸ் கோட், ஹெடர், அப்புறம் பாடி, இந்த வரிசைதான். ஹெடர் முடிஞ்சதும் எண்ட் ஹெடர்ஸ் கூப்பிடணும், நிறைய பேர் விடுறது இதத்தான். அது இல்லன்னா ஸ்டேட்டஸ் லைனே வெளிய போகாது, பாடி மட்டும் போய் நிக்கும், கிளையண்ட் பக்கம் புரியாத எரரா வரும். பாடிய பைட்ஸாதான் எழுதணும், ஸ்ட்ரிங்க அப்படியே குடுத்தா எடுத்துக்காது.

ரீட்ரைய, அதாவது எரர் வந்தா நம்ம கோட் திரும்ப கேக்குதான்னு, டெஸ்ட் பண்ணணும்னா மொத ரெண்டு தடவ 503, மூணாவது தடவ 200 (‘எல்லாம் சரி’) அனுப்புற மாதிரி ஒரு கவுண்ட்டர் வைங்க. ஆனா அத செல்ஃப்ல வச்சா வேலைக்கு ஆகாது, ஏன்னா ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் ஹேண்ட்லர் புதுசா பொறக்குது, கவுண்ட்டர் திரும்ப திரும்ப பூஜ்யத்துலயே நிக்கும். சர்வர் ஆப்ஜெக்ட் மேல வைங்க, ஹேண்ட்லருக்குள்ள இருந்து செல்ஃப் டாட் சர்வர்னு அத எடுத்துக்கலாம்.

2. அடுத்து சர்வர். பைத்தான் 3.7ல இருந்து த்ரெட்டிங் ஹெச்டிடிபி சர்வர் இருக்கு, அதையே எடுங்க, ஒரு ரிக்வெஸ்ட் தொங்கினாலும் மத்தது ஓடும். அட்ரஸ் 127.0.0.1, போர்ட் 0. ஆமா பூஜ்யம்தான், அப்படி குடுத்தா காலியா இருக்கிற ஒரு போர்ட்ட ஓஎஸ்ஸே எடுத்துக் குடுத்துடும். 8000, 8080னு எழுதி வச்சா வேற ஏதாவது அதுல ஓடிட்டு இருக்கிற அன்னிக்கு டெஸ்ட் விழும். எந்த போர்ட் கெடச்சுதுன்னு சர்வர் போர்ட் ஆட்ரிப்யூட்ல பாத்துக்கலாம்.

3. சர்வ் ஃபார்எவர்னு ஒரு மெத்தட் இருக்கு, அத நேரா கூப்பிட்டா பேருக்கேத்த மாதிரி அங்கேயே நின்னுடும், கீழ இருக்கிற டெஸ்டுக்கு டர்ன் வரவே வராது. அதனால அத டார்கெட்டா குடுத்து ஒரு த்ரெட் உருவாக்குங்க, டீமன் ட்ரூ போடுங்க (மெயின் ப்ரோக்ராம் முடிஞ்சா இந்த த்ரெட்டும் கூடவே முடிஞ்சிடும்), ஸ்டார்ட் பண்ணுங்க. டீமன் போடலன்னா டெஸ்ட் நடுவுல செத்தாலும் பைத்தான் வெளிய வராம தொங்கும்.

இந்த இடத்துல பல டுட்டோரியல்ல ‘சர்வர் எழுந்திரிக்க ஒரு செகண்ட் ஸ்லீப் போடுங்க’ன்னு இருக்கும். இங்க அது தேவையே இல்லைங்க. சர்வர் ஆப்ஜெக்ட் உருவான அப்பவே போர்ட்ட பிடிச்சு லிசன் பண்ண ஆரம்பிச்சிடுது, த்ரெட் கொஞ்சம் லேட்டா வந்தாலும் ரிக்வெஸ்ட் க்யூவுல நிக்கும். சர்வர தனி ப்ராசஸா ஓட்டினா மட்டும் கதை வேற, அப்போ கனெக்ட் ஆகுதான்னு லூப்ல திரும்பத் திரும்ப தட்டிப் பாக்கணும், அதுக்கும் ஒரு டைம்அவுட் வேணும்.

4. ஆப்ல ஏபிஐ யூஆர்எல்ல நேரடியா எழுதி வச்சிருந்தா அத என்விரான்மென்ட் வேரியபிளுக்கு மாத்திட்டு, டெஸ்ட்ல நம்ம போர்ட் இருக்கிற யூஆர்எல்ல குடுங்க.

5. முடிஞ்சதும் ஷட்டவுன், அப்புறம் சர்வர் க்ளோஸ். ரெண்டும் வேணும், மொதல்ல சொன்னது லூப்ப நிறுத்தும், ரெண்டாவது சாக்கெட்ட மூடும். ஷட்டவுன மெயின் த்ரெட்ல இருந்து கூப்பிடுங்க, சர்வ் ஃபார்எவர் ஓடுற அதே த்ரெட்ல கூப்பிட்டா டெட்லாக்தான், தனக்காக தானே காத்துட்டு அப்படியே நின்னுடும். பைடெஸ்ட்ங்கிற டெஸ்ட் டூல யூஸ் பண்றவங்க இது எல்லாத்தையும் ஒரு ஃபிக்ஸ்ச்சர்ல (டெஸ்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் வேண்டியத செய்யுற ஃபங்ஷன்) போட்டு, ஈல்டுக்கு மேல ஸ்டார்ட், கீழ ஸ்டாப்னு வச்சுக்கலாம், டெஸ்ட் ஃபெயில் ஆனாலும் கீழ இருக்கிறது ஓடிடும்.

ஸ்க்ரீன் ஃபுல்லா ரிக்வெஸ்ட் லாக் கொட்டினா ஹேண்ட்லர்ல லாக் மெசேஜ் மெத்தட ஓவர்ரைடு பண்ணி உள்ள எதுவும் செய்யாம விட்டுடுங்க. ஜாங்கோங்கிற பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்ல உங்க சொந்த சைட்டையே செலினியம் (ப்ரௌசர தானா ஓட்டுற டூல்) வச்சு டெஸ்ட் பண்ணணும்னா இவ்ளோ பாடு வேணாம், லைவ் சர்வர் டெஸ்ட் கேஸ்னு ஒரு கிளாஸ் ரெடியாவே இருக்கு, அதுவும் பேக்ரவுண்ட் த்ரெட்ல இதே வேலையத்தான் பண்ணுது.