தாளிலிருந்து திரைக்கு: பராமரிப்புத் திட்டத்தை மாற்றும் முறை

பினாங்கில் வார்டுத் தாதியாக இருக்கும் நான் புதிய தாதியரிடம் முதலில் சொல்வது இதுதான்: நோயாளியின் பராமரிப்புத் திட்டத்தைக் கணினிக்கு மாற்றும்போது பழைய தாளை அப்படியே தட்டச்சு செய்யாதீர்கள். கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். "பாட்டி, வீட்டுக்குப் போனதும் என்ன செய்ய ஆசை?" என்று கேளுங்கள். "தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறணும்மா" என்றால், அதையே இலக்குக் கட்டத்தில் எழுதுங்கள். 'நடமாட்டம் மேம்படல்' என்று மாற்ற வேண்டாம். பிசியோதெரபி, வலி மருந்து, படியேறும் பயிற்சி எல்லாம் அந்த இலக்கின்கீழ் வரட்டும். எந்த மொழி வசதி, எத்தனை மணிக்குப் பசியாறுவார், முடிவெடுக்கும்போது யார் கூட இருக்க வேண்டும் என்பதையும் பதியுங்கள். இன்சுலின் போடுகிறவருக்குப் பசியாறும் நேரம் சின்ன விஷயமே இல்லை.

கோலாலம்பூர் அருகே உள்ள செலாயாங் மருத்துவமனை 1999இலேயே தாளில்லாமல் தொடங்கியது. கணினி நமக்குப் பழகியதுதான். ஆனாலும் ஒவ்வாமையையும் மருந்தளவையும் அவற்றுக்குரிய கட்டங்களிலேயே இடுங்கள். பொதுக் குறிப்பில் எழுதினால் எச்சரிக்கை வராமல் போகலாம். இன்னொரு தாதி தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

பிறகு திரையைப் பாட்டி பக்கம் திருப்பி வாசித்துக் காட்டுங்கள். அவர் மறுத்தால் அங்கேயே திருத்துங்கள். மகனுக்குக் காட்டுமுன் பாட்டியின் சம்மதத்தைப் பதியுங்கள். கணினி நின்றுபோகும் நேரத்துக்காக ஒவ்வொரு ஷிப்டிலும் சுருக்கத்தை அச்செடுத்து வையுங்கள்.