மலைநாட்டுக்கு ஒரு சின்ன கார்: குறைந்த விலை, குறைந்த இன்சூரன்ஸ்

பழைய கார் தேடும்போது நம்ம ஆட்கள் முதலில் கேட்பது "கடைசி விலை எவ்வளவு?" என்றுதான். அட்டனிலோ பண்டாரவளையிலோ இருக்கிறவர் அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு. இது நாலு பேரோடு மேடு ஏறுமா, இறக்கத்தில் நிற்குமா, ஒரு வருஷத்துக்கு என்ன செலவு வைக்கும்? விலையில் ஐம்பதாயிரத்தைக் குறைத்து வாங்கிவிட்டு, ஆறு மாதத்தில் அதற்கு மேல் கராஜில் கொடுப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். ஈபீஎஃப் காசு, சீட்டுக் காசு, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை அனுப்பிய காசு என்று சேர்த்துத்தான் முக்கால்வாசிப் பேர் முதல் காரை வாங்குகிறோம், அந்தக் காசு வீணாகக் கூடாது.

விலை ஏன் இப்படி இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது, திறந்த பிறகும் வரி கடுமை. அதனால் இருபது வருஷம் ஓடிய சின்ன காருக்குக்கூட ஆள் நிற்கிறது. "இன்றைக்கே இன்னொருத்தர் காசோடு வருகிறார்" என்று விற்பவர் சொன்னால், வரட்டும் என்று விடுங்கள். அவசரத்தில் வாங்கிய கார் நல்லதாக அமைவது அபூர்வம்.

எந்தக் கார்? என்னைக் கேட்டால் குறைந்த காசுக்கு மாருதி 800, அதற்கு மேல் கொஞ்சம் போட முடிந்தால் ஆல்டோ. இரண்டுமே 796 சிசி, மூன்று சிலிண்டர், எடை குறைவு. இவை எல்லாவற்றையும் விட முக்கியம், தலவாக்கலையிலும் மஸ்கெலியாவிலும் இருக்கிற எந்த மெக்கானிக் பாஸுக்கும் இந்த எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டத் தெரியும், பார்ட்ஸும் கிடைக்கும். இன்னும் கொஞ்சம் பலம் வேண்டும் என்றால் ஆல்டோ கே10, அது 998 சிசி, மேட்டில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். பழைய நிசான் மார்ச்சும் ஆயிரம் சிசியில் நல்ல கார்தான், ஆனால் மேனுவல் கியர் உள்ளதாகப் பாருங்கள். ஜப்பான் வேகன் ஆர் 660 சிசி, உள்ளே இடம் தாராளம், பெற்றோலும் மிச்சம். ஆனால் விலை அதிகம், விலை அதிகம் என்றால் ஃபுல் இன்சூரன்ஸும் அதிகம், கியர் பெட்டி சிவிடி, அதாவது பெல்ட்டில் ஓடுகிற ஆட்டோ கியர் என்பதால் பழுதானால் பெரிய செலவு. டாட்டா நேனோ 624 சிசி, டவுனுக்குள் ஓட்டலாம், குடும்பத்தோடு ரம்பொடை ஏறுகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பழைய மாருதி 800இல் கார்புரேட்டர், அதாவது காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற பாகம், உள்ளதும் உண்டு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேலே போகப் போகக் காற்று மெலிந்து, கார்புரேட்டர் தேவைக்கு மேல் பெற்றோலைக் கொடுக்கும். வண்டி இழுக்காது, பெற்றோல் குடிக்கும், கறுப்புப் புகை வரும், புகைப் பரிசோதனையில் தலைவலி. மேலே குடியிருப்பவர் கார்புரேட்டர் வண்டி வாங்கினால் இங்கேயே உள்ள பாஸிடம் டியூன் பண்ணிக்கொள்ளுங்கள். பெற்றோலைக் கம்ப்யூட்டர் அளந்து கொடுக்கிற இன்ஜெக்ஷன் மாடல் கிடைத்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள்.

பார்க்கப் போகும்போது காலையில் போங்கள், எஞ்சினைச் சூடாக்காமல் வைக்கும்படி முதல் நாளே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதில் பாதி விஷயம் தெரிந்துவிடும். ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்திருக்கும்போதே திறந்து பாருங்கள், சூடாக இருந்தால் தொடவே வேண்டாம். உள்ளே பச்சையோ சிவப்போ தெளிவான கூலன்ட் இருந்தால் நல்லது. துருப்பிடித்த செம்மண் தண்ணீர் இருந்தால் வெறும் பைப் தண்ணீரில் ஓட்டியிருக்கிறார்கள், நம்ம மேடுகளில் அது எஞ்சினைச் சுட வைத்து ஹெட் கேஸ்கட்டை எரித்துவிடும். அப்புறம் எண்ணெய் மூடியின் அடிப்பக்கம். அங்கே பால் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் தண்ணீர் எண்ணெயில் கலக்கிறது என்று பலர் ஓடிவிடுவார்கள். ஆனால் குளிர் ஊர்களில் கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடுகிற வண்டியில், மூடியில் கொஞ்சம் அப்படிப் படிவது சாதாரணம். எண்ணெய் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள், அதிலும் எண்ணெய் பால் நிறமாக இருந்தால் மட்டும் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

கார்ப்பெட்டைத் தூக்கச் சொல்லத் தயங்க வேண்டாம். டிரைவர் பக்கம், பின் சீட்டுக்குக் கீழே, டிக்கியில் ஸ்பெயார் டயர் கிடக்கிற குழி, இந்த மூன்று இடத்தையும் விரலால் அழுத்திப் பாருங்கள். மழை விடாத ஊரில் ரப்பர் பீடிங் வழியாகத் தண்ணீர் இறங்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் தகடு தின்றுபோயிருக்கும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். கடலோர ஊர்களில் ஓடிய கார் என்றால் உப்புக் காற்றில் அடிப்பக்கம் இன்னும் மோசம், கராஜில் தூக்கிப் பார்க்காமல் பேச வேண்டாம். கொழும்புப் பக்கத்துக் காரில் புளித்த மணமும் சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடியில் சேற்றுக் கறையும் இருந்தால், அது வெள்ளத்தில் நின்ற கார். தோட்டத்து ரோட்டில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஸ்பிரிங் வெட்டி இறக்கிய காரே வேண்டாம், கல் அடித்து சம்ப், அதாவது எஞ்சினுக்கு அடியில் இருக்கிற எண்ணெய்த் தொட்டி, உடைந்தால் எண்ணெய் கொட்டி நடுவழியில் நிற்பீர்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்குச் சம தரையில் ஒரு ரவுண்ட் போதாது. கூட நாலு பேரை ஏற்றிக்கொள்ளுங்கள், நல்ல மேடு ஒன்றுக்குப் போங்கள். மேட்டின் நடுவில் நிறுத்தி, ஹேன்ட் பிரேக்கைப் போட்டுக் காலை எடுங்கள், வண்டி நழுவக் கூடாது. அங்கேயே முதல் கியரில் மெதுவாகக் கிளம்புங்கள். எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை, எரிந்த மணம் வருகிறது என்றால் கிளச் முடிந்துவிட்டது, அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். மேலே போனதும் சூட்டு முள்ளைப் பாருங்கள், நடுவைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதை விட இறக்கம் முக்கியம். ரம்பொடையிலும் கினிகத்தேனையிலும் இறங்குகிறவருக்குத் தெரியும், பிரேக்கை மட்டும் நம்பி இறங்க முடியாது. இரண்டாம் கியரில் எஞ்சின் பிடியோடு இறக்குங்கள், கியர் தானாக விடுபட்டு நியூட்ரலுக்குப் போகிறதா பாருங்கள். கீழே வந்து நிறுத்தியதும் நாலு வீலுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தப் பிரேக் இறுகியிருக்கிறது. பிரேக் பெடல் மெத்தென்று அமுங்கினாலும் சும்மா விடாதீர்கள், விற்பவரிடம் காட்டிக் கேளுங்கள்.

அடுத்தது காகிதங்கள். "தம்பி, ஓப்பன் பேப்பர்தான், எல்லாம் சைன் பண்ணி இருக்கு, பயப்பட வேணாம்" என்பார்கள், வாங்குபவரின் பெயரை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட மாற்றப் பத்திரத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். "அண்ணே, புக்கில் பெயர் இருக்கிறவரையே கூட்டிட்டு வாங்க" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். நாலு கை மாறியும் பெயர் மாற்றாத காரில் எங்கே என்ன சிக்கல் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சீஆர் புக்கில், அதாவது வாகனப் பதிவுப் புத்தகத்தில், முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு ஃபினான்ஸ் கம்பனியின் பெயர் இருந்தால் லீசிங் முடியவில்லை என்று அர்த்தம், முடிந்த கடிதம் கைக்கு வரும் வரை காசு கொடுக்காதீர்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் வாகன இலக்கத்தைக் கொடுத்து விவரம் பார்க்கலாம். சேசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் டார்ச் அடித்து நீங்களே புக்கோடு ஒப்பிடுங்கள். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்காமல் கிடந்த கார் என்றால் நிலுவையை யார் கட்டுவது என்பதை அங்கேயே பேசிவிடுங்கள். வாங்கிய பிறகு 14 நாளுக்குள் உரிமை மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இப்போது இன்சூரன்ஸ். ரோட்டில் ஓட மூன்றாம் தரப்பு, அதாவது தேர்ட் பார்ட்டி, சட்டப்படி கட்டாயம், அதுவும் புகைச் சான்றிதழும் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. தேர்ட் பார்ட்டிக்குக் கட்டுவது கொஞ்சம்தான். நீங்கள் இடித்தவருக்கு வரும் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் அது நிற்கும், சொத்துச் சேதத்துக்கு ஒரு எல்லை வைத்திருப்பார்கள், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் காருக்கு அது ஒரு ரூபாய் தராது. ஃபுல் இன்சூரன்ஸ் உங்கள் காருக்கும் சேர்த்து நிற்கும், அதற்கு நீங்கள் சொல்லும் காரின் பெறுமதியை வைத்துத்தான் பிரிமியம் போடுவார்கள். சின்ன கார் வாங்கினால் இன்சூரன்ஸ் குறைகிறது என்பதற்குப் பெரிய காரணம் இதுதான், பெறுமதியே குறைவு. லீசிங்கில் எடுத்தால் ஃபுல்தான் போட வேண்டும், ஆகவே குறைந்த செலவு வேண்டும் என்பவர் முடிந்தவரை கைக்காசுக்கு வாங்குங்கள்.

பிரிமியத்தைக் குறைக்க வேண்டும் என்று பெறுமதியைக் குறைத்துச் சொல்லாதீர்கள். பத்து லட்சம் பெறுமதியான காரை ஐந்து லட்சத்துக்குப் போட்டால், ஒரு லட்ச ரூபாய் சேதத்துக்கும் பாதியைத்தான் தரலாம் என்று கம்பனி கணக்குப் போட இடம் இருக்கிறது. சரியான வழிகள் வேறு. எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு க்ளெய்மிலும் நீங்கள் ஏற்கும் தொகை, அதைக் கூட்டினால் பிரிமியம் இறங்கும். க்ளெய்ம் பண்ணாத வருஷங்களுக்குத் தரும் நோ க்ளெய்ம் போனஸ் கார்க்காரருக்கு உரியது, காருக்கு இல்லை. உங்கள் பழைய வண்டியில் அது சேர்ந்திருந்தால் கடிதம் வாங்கிப் புதுக் காருக்குக் கொண்டுவாருங்கள், சின்னக் கீறலுக்கு க்ளெய்ம் பண்ணி அதை இழக்காதீர்கள். மூன்று நாலு கம்பனியில் ஒரே பெறுமதிக்கு எழுத்தில் விலை கேளுங்கள், சொந்தக்காரர் ஏஜென்ட் என்பதற்காக அங்கேயே நிற்க வேண்டாம். மிகப் பழைய கார்களுக்குச் சில கம்பனிகள் ஃபுல் தரத் தயங்கும், அதையும் வாங்குவதற்கு முன்னாலேயே கேளுங்கள்.

ஆனால் ஒரு இடத்தில் மட்டும் செலவைக் குறைக்காதீர்கள். இயற்கை அனர்த்தம் என்பதைப் பல பாலிசிகளில் தனியாகச் சேர்க்க வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மண் எப்படிச் சரிந்தது என்று நாம் எல்லாரும் பார்த்தோம். வீட்டுக்கு மேல் மேடு, பக்கத்தில் பெரிய சவுக்கு மரம், கீழே ஆறு என்று இருக்கிற இடத்தில் கார் நிறுத்துகிறவர், மண்சரிவு, வெள்ளம், மரம் விழுதல் மூன்றும் பாலிசியில் எழுதியிருக்கிறதா என்று ஏஜென்ட்டிடம் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்குக் கூடுதலாக வருவதைக் கொடுத்துவிடுங்கள். கார் மிகப் பழசு, போனால் போகட்டும் என்று தாங்கக்கூடிய தொகை என்றால் தேர்ட் பார்ட்டி போதும், மிச்சக் காசை டயருக்கும் பிரேக்குக்கும் போடலாம். அந்தக் காரே வீட்டின் முழுச் சேமிப்பு என்றால் ஃபுல் போடுங்கள்.

விற்றவரின் பெயரில் ஓடுகிற இன்சூரன்ஸை நம்பி வீட்டுக்கு ஓட்டி வராதீர்கள், காசு கொடுக்கும் அன்றே உங்கள் பெயரில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். அந்த வாரமே டைமிங் பெல்ட்டை, அதாவது எஞ்சினின் உள் பாகங்களை நேரம் தப்பாமல் ஓட வைக்கிற பெல்ட்டை, மாற்றுங்கள். 796 சிசி எஞ்சின்களில் பெல்ட்தான், எப்போது மாற்றியது என்று விற்றவர் சொல்வதை வைத்து ஓட வேண்டாம். கே10இல் செயின் என்பதால் அந்தச் செலவு இல்லை. பிரேக் எண்ணெய், கூலன்ட், வைப்பர் பிளேட், இவற்றையும் புதிதாகப் போடுங்கள், கண்ணாடிக்குச் சூடு அடிக்கிற ஹீட்டரும் வேலை செய்ய வேண்டும், லபுக்கலைப் பக்கம் பனி இறங்கினால் முன்னால் போகிற பஸ்ஸே தெரியாது. அப்புறம் இன்சூரன்ஸ் கம்பனியின் அவசர இலக்கத்தைப் போனில் மட்டும் வைக்காமல் ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டுக்குள் போடுங்கள், சிக்னல் இல்லாத வளைவுகளில் யாராவது ஒருவரிடம் அந்தத் தாளைக் கொடுத்தனுப்பிப் பேசச் சொல்லலாம். விபத்து என்றால் வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.