குறுவை வயலில் ஓர் அடி நீளக் குழாய்: பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு போகச் செயல்திட்டம்

ஐ.நா. 2015-இல் அறிவித்த 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளைச் சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினால், ஒரு வாரத்தில் பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். டெல்டாவில் அதைவிட நல்ல பாடம் பள்ளிக்குப் பின்னாலேயே இருக்கிறது. தண்ணீர் தேங்கிய வயல் மண்ணில் காற்று புகாது. அங்கே வாழும் நுண்ணுயிரிகள் தாள்கட்டையையும் வைக்கோலையும் மக்கவைக்கும்போது, புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு உண்டாகிறது. மனிதச் செயல்களால் உலகில் வெளியாகும் மீத்தேனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நெல்வயலிலிருந்து வருகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைச் சற்றுக் காயவிட்டு மறுபடி நீர் கட்டினால், வயல் விடும் மீத்தேன் ஏறத்தாழ பாதிவரை குறையும், தண்ணீரும் மிச்சம்.

மீத்தேன் என்றதும் "அந்த மீத்தேன் திட்டமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும். வாயு ஒன்றுதான். அந்தத் திட்டம் டெல்டாவில் எடுக்கப் பார்த்தது நிலத்தடி நிலக்கரிப் படிவத்தில் இருப்பதை, இது சேற்றில் உண்டாவது. டெல்டா 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமானதையும் இங்கேயே சொல்லிவிடலாம். மீத்தேனை அளக்கப் பள்ளியில் கருவி கிடையாது. பிள்ளைகள் அளக்கப்போவது தண்ணீரை.

ஜூனில் தொடங்கும் குறுகிய போகமான குறுவையில்தான் செய்ய வேண்டும். சம்பாவில் எடுத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் காயவே காயாது. பம்புசெட் வயலாகப் பாருங்கள். வயல் விட்டு வயல் பாயும் இடத்தில் எந்தக் கணக்கும் நிற்காது. ஒரே ரகம், ஒரே நாள் நடவு, பக்கத்துப் பக்கத்து வயல் இரண்டு வேண்டும்: ஒன்றில் வழக்கப்படி தண்ணீர் கட்டுவது, மற்றதில் குழாய்ப்படி, அதாவது மண்ணில் இறக்கிய குழாயில் தெரியும் மட்டத்தைப் பார்த்துக் கட்டுவது. வேதாரண்யம் பக்கத்து உப்பு மண்ணில் இதைச் செய்யாதீர்கள், காயும்போது உப்பு மேலே ஏறும். கொள்ளிடக் கரை மணலில் தண்ணீரே நிற்காது.

4 அல்லது 6 இஞ்ச் பிவிசி குழாயை ஓர் அடி (30 செ.மீ.) துண்டாக அறுத்து, கீழ்ப்பாதியில் மட்டும் சுற்றிலும் 2 செ.மீ. இடைவெளியில் 5 மி.மீ. துளைகள் போடுங்கள். டிரில்லைப் பெரியவர்தான் பிடிக்க வேண்டும். வரப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, மேடும் பள்ளமும் இல்லாத இடத்தில், பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாக இறக்குங்கள். உள்ளே இருக்கும் சேற்றை அடிவரை கையால் அள்ளிவிட வேண்டும். சில மணி நேரத்தில் உள்ளே வெளியே தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வரவில்லையென்றால் துளைகளைக் களிமண் அடைத்திருக்கிறது. பிடுங்கிக் கழுவி மறுபடி இறக்குங்கள். இதைப் பார்க்காமல் விட்டால் போகம் முழுக்கப் பொய்க் கணக்குதான் வரும்.

நட்ட முதல் இரண்டு வாரம் தண்ணீர் நிற்கட்டும், இல்லையென்றால் களை மண்டும். பிறகு குழாயின் அடியில் தண்ணீர் தெரியாதபோது, அதாவது மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும், 5 செ.மீ. கட்டுங்கள். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை வயல் காயக் கூடாது; காய்ந்தால் பதராகும். விவசாயி பயந்து நடுவில் மோட்டார் போட்டாலும் சரி, தடுக்க வேண்டாம், நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

தினம் இரண்டு பிள்ளைகள், ஓர் ஆசிரியர். ஸ்கேலைக் குழாய் விளிம்பில் வைத்துத் தண்ணீர் வரை அளக்க வேண்டும். பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான்: விளிம்பிலிருந்து 10 என்றால் மண்ணுக்கு மேல் 5 செ.மீ. தண்ணீர், 22 என்றால் மண்ணுக்குக் கீழே 7. எந்த எண்ணானாலும் 15-இலிருந்து கழிக்கச் சொல்லுங்கள், கழித்தல் குறி எதற்கு என்பது வயலிலேயே புரிந்துவிடும். மட்டம் திடீரென்று இறங்கினால் வரப்பில் நண்டு வளை தேடுங்கள். மருந்தடித்த வயலில் சில நாள் இறங்கக் கூடாது.

மோட்டார் ஓடிய நேரத்தை இரண்டு வயலுக்கும் தனித்தனியே எழுதுங்கள். 200 லிட்டர் டிரம் எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று ஒருமுறை பார்த்தால் மீதியெல்லாம் பெருக்கல்தான். ஒரு மாவில் (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) 5 செ.மீ. கட்ட ஏறத்தாழ 67,000 லிட்டர் ஆகும். இந்த எண்ணைக் கேட்டதும் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

விளைச்சல் எண் இல்லாமல் ஊரில் யாரும் காது கொடுக்கமாட்டார்கள். அறுப்பு மிஷின் இறங்கினால் இரண்டு வயல் நெல்லும் கலந்துவிடும். எனவே அதற்கு முந்தைய நாளே ஒவ்வொரு வயலிலும் மூன்று இடத்தில் ஒரு சதுர மீட்டர் அறுத்து, அடித்து, இரண்டு நாள் காயவைத்து எடைபோடுங்கள். அரிவாள் பெரியவர் கையில். காலாண்டுத் தேர்வும் அப்போதுதான் வரும், முறைப் பட்டியலை முன்பே போட்டுவையுங்கள்.

அரங்கேற்றம் அக்டோபர் 2 கிராம சபையில். இரண்டு வாரம் முன்பே ஊராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துப் பத்து நிமிடம் கேளுங்கள். உறுதிமொழி, நாடகம் வேண்டாம். ஒரு கோட்டுப்படம், லிட்டர் கணக்கு, எடைக் கணக்கு, கையில் ஒரு குழாய். "களை வராதா?", "கரண்ட் இலவசம்தானே, எதற்கு மிச்சம் பிடிக்கணும்?" என்ற கேள்விகள் நிச்சயம். இரண்டாவதற்கு, ஊரில் போர்வெல்களின் நீர்மட்டம் பத்தாண்டுகளுக்கு முன் எத்தனை அடி, இப்போது எத்தனை என்று பிள்ளைகள் வீடுவீடாக விசாரித்து எழுதிய தாளைக் காட்டட்டும். குழாய்ப்படி வயலில் எடை குறைந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 10 அடிக் குழாயில் பத்துத் துண்டு வரும். மிச்சத்தைக் கேட்பவர்களுக்குக் கொடுத்து, யார், எந்த வயல் என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஜூனில் வரும் வகுப்பு அந்த வயல்களிலிருந்து தொடங்கலாம்.